கறுக்க வேண்டிய தங்கம்

ஓசூர் சிப்காட்டில் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ஷிஃப்டு மாறும்போது ஊதுவதற்குச் சங்கு உண்டு. உலோகத்துக்கு முலாம் பூசும் எங்கள் பிளேட்டிங் பட்டறைக்குச் சங்கு கிடையாது. தேவையும் இல்லை, சரோஜாக்கா இருந்தாள். சாப்பாட்டு நேரம் ஆனதும் ஓவன் பக்கத்தில் நின்று, "வாங்கடி, வாங்கப்பா, வயித்தக் காயப் போட்டு யாருக்கு என்னா லாபம்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். பக்கத்துப் பட்டறைக்காரர்களும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார்கள்.

அவளுடைய முழுப் பெயர் சரோஜம்மாள், ஊர் பாரூர். கணவர் கோவிந்தன் அங்கே ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் போட்டுக்கொண்டிருந்தார். ஆம்பளை வெளியூர் வேலைக்குப் போவதும் பெண் நிலத்தைப் பார்ப்பதும்தான் மற்ற வீடுகளில் நடப்பது. இவர்கள் வீட்டில் தலைகீழ். "அந்த மனுசனுக்கு மாடும் மண்ணும் போதும். எனக்கு மெசினு வேணும், அதான் நான் வந்துட்டன்" என்பாள். மகளைப் படிக்க வைத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமைகளில் கோவிந்தன் அரிசியோ கரும்போ தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார். கம்பெனி கேட்டில் நின்று, புது மாப்பிள்ளை போல் வெட்கப்பட்டுச் சிரிப்பார். இருபது வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு எப்படி மிச்சமிருந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நான் மோகனப்ரியா. ராஜபாளையத்திலிருந்து வேலைக்கு வந்தவள், பேக்கிங்கில் இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். ஓசூர் குளிரில் மூக்கு மரத்துப்போனதே தவிர கோபம் குறையவில்லை. அதனால்தானோ என்னவோ அக்காவுக்கும் எனக்கும் ஒத்துப்போயிற்று.

அக்காவுக்கும் மூர்த்தியண்ணனுக்கும்தான் ஒத்தே போகாது. மூர்த்தி சானமாவுப் பக்கத்துக் கன்னடக்காரர். தங்கத் தொட்டி அவர் பொறுப்பு. பெங்களூரில் அளவுக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனி, அரிசி அளவுக்குச் சின்னச் சின்னச் செம்புத் துண்டுகளை அனுப்பும். மூர்த்தி அவற்றைத் தொட்டியில் முக்கித் தங்க முலாம் ஏற்றுவார். சரோஜாக்கா கழுவி, ஓவனில் காயவைத்து, ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நான் டப்பாவில் அடைப்பேன். பட்டறையில் மற்ற வேலைகளும் நடந்தன, ஆனால் தங்கம் எங்கள் மூன்று பேர் கை தாண்டித்தான் போகும்.

மூர்த்தி பாதி நாள் தாமதமாக வருவார். கேட்டால், "ரோட்டுல ஆனை நின்னுபிட்டுச்சு" என்பார். சானமாவுக் காட்டில் யானை இருப்பது உண்மை, ரோட்டுக்கு வருவதும் உண்மை. ஆனால் அது இவருடைய ஷிஃப்டு பார்த்து வருகிறதா என்பதுதான் அக்காவின் கேள்வி. "அந்த ஆனைக்கும் அட்டெண்டன்ஸ் போட்டுருங்க சார், மூர்த்தியவிட ஒழுங்கா வருது" என்று முதலாளியிடமே சொல்வாள். மூர்த்தி பதிலுக்கு, "ஏனம்மா, உன் சத்தத்துக்கு பயந்துதான் அது காட்டுக்குள்ள போகுது" என்பார். இந்தச் சண்டை இல்லாத நாளில் எங்களுக்கு மதியச் சோறு செரிக்காது.

2004-ஆம் வருட ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

பூஜை விஷயத்தில் அக்காவுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. மெஷின் ஓடும்போதுதான் கற்பூரம் காட்ட வேண்டும். "அணைஞ்ச மெசினுக்குக் கற்பூரம் காட்டறது பொணத்துக்குக் காட்டற மாதிரி" என்பாள். இரண்டாவது சட்டம் எல்லோருக்கும் பொது: பூஜை போட்டதை மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. இந்த இரண்டு சட்டமும் தனித்தனியாக நல்ல சட்டங்கள்தான். சேர்ந்தபோதுதான் வினை.

விடுமுறைக்கு முந்தின நாள் மதியம் பட்டறையைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஓவனுக்குச் சாமந்தி மாலை. அன்று காலை ஓவனில் இரும்பு ஸ்பிரிங்குகளைப் போட்டு, சூட்டை இருநூறு டிகிரிக்கு ஏற்றியிருந்தார்கள். ஸ்பிரிங்குகளை எடுத்த பிறகும் யாரும் சூட்டைக் குறைக்கவில்லை. தங்கம் போட்ட துண்டுகளைக் காயவைக்க அதில் பாதி சூடுகூடத் தேவையில்லை. கற்பூரம் காட்டும்போது ஓவன் வெறுமனே இருக்கக் கூடாது என்று, அன்று முலாம் போட்டு முடித்த துண்டுகள் இருந்த தட்டு ஒன்றை அக்கா உள்ளே வைத்தாள். கண்ணாடி வழியாகத் தங்கம் தீபம் போல் மின்னியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். முதலாளி சௌந்தரராஜன் பொரியும் கடலையும் கொடுத்தார், போர்டில் இருந்த சுவிட்சுகளை வரிசையாக அணைத்தார், பட்டறையைப் பூட்டினார். அக்கா பாரூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

திங்கட்கிழமை மறுபூஜை. முதலாளியே ஓவனைத் திறந்தார். தட்டில் இருந்த தங்கம் எல்லாம் தாமிரப் பாத்திரத்தின் அடி மாதிரி காவியும் பழுப்புமாகக் கறுத்துக் கிடந்தது.

எல்லோருக்கும் முந்தி அக்காதான் வாயைத் திறந்தாள். "நான் சொல்லல? தொட்டிய ஒழுங்காப் பாக்கல. செம்பு கரைஞ்சு தொட்டியில சேந்துருக்குது. ஆனை ஆனைன்னு நேரங்கழிச்சு வந்தா தொட்டிய யாரு பாப்பாங்கோ?"

அன்றைக்கு எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. தங்கத் தொட்டியில் செம்பு கலந்தால் முலாம் நிறம் மாறும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். மூர்த்தி தொட்டியைக் காட்டினார், சாமி மேல் சத்தியம் செய்தார், கன்னடத்தில் அழுதார். முதலாளி கேட்கவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும் உள்ள வராதே. அப்புறம் சொல்றேன்" என்றார். அப்புறம் என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். தங்கத் தொட்டியைக் கெடுத்தவன் என்று ஒரு பட்டறை வெளியே அனுப்பினால், ஓசூரிலும் சரி அத்திப்பள்ளியிலும் சரி, இன்னொரு பட்டறை அவனைத் தங்கத்தின் பக்கமே விடாது. மூர்த்திக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

அன்று மதியமே பெங்களூர் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் பிரியதர்ஷினி வந்தார். ஊத்தங்கரைக்காரப் பெண், அதனால் எங்களோடு தமிழிலேயே பேசுவார். கறுத்த துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெரிய மைக்ராஸ்கோப்பில் தங்க முலாமைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கி எடுத்த படம் என்றார். நான் பளபளப்பாக ஒரே தகடு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். படத்தில் கோணல்மாணலான சின்னச் சின்னக் கட்டங்கள் நெருக்கமாக இருந்தன.

"இதென்னா, எங்க ஏரிக்குக் கீழ இருக்கற வயலு மாதிரி இருக்குது?" என்றாள் அக்கா.

"அப்படியே வெச்சுக்கலாம். ஒவ்வொரு கட்டமும் ஒரு வயல். அதுக்குள்ள தங்க அணுவெல்லாம் நாத்து நட்ட மாதிரி நெருக்கமா, வரிசையா நிக்கும். நடுவுல தெரியற கோடு வரப்பு. அடியில இருக்கற செம்பு மேல வரணும்னா வயலுக்குள்ள புகுந்து வர்றது ரொம்பக் கஷ்டம். வரப்புல வரிசை கலைஞ்சு, இடம் கொஞ்சம் தளர்வா இருக்கும். அந்த வழியா ஏறி வந்துரும்."

"நடவு நட்ட வயல்ல யாரு எறங்குவாங்கோ, வரப்புலதான் போவணும்" என்று அக்கா ஆமோதித்தாள்.

"மேல வந்த செம்பு காத்து பட்டதும் கறுத்துரும். சாதாரண சூட்டுல அது வர்றதுக்கு வருஷக் கணக்காகும். நல்லாச் சூடு பட்டா மடமடன்னு வந்துரும். வழக்கமா தங்கத்துக்குக் கீழ ஒரு நிக்கல் பூச்சு இருக்கும், அது செம்பை மறிச்சுரும். எங்க கருவிக்குள்ள காந்தம் இருக்கறதால, அதுல ஒட்டற நிக்கல் வேணாம்னு நாங்கதான் சொன்னோம்." பிறகு முதலாளியைப் பார்த்து, "அதனால தொட்டியில செம்பு கலந்துச்சா, இல்ல செம்பு அடியிலருந்து ஏறி வந்துச்சான்னு பாத்த உடனே சொல்ல முடியாது சார். இது எங்கயாவது சூட்டுல இருந்துச்சா?" என்று கேட்டார்.

"சூடா? பூஜை அன்னிக்கு நானே எல்லாத்தையும் அணைச்சேன். இன்னிக்குத் திறக்கும்போது ஓவன் சில்லுன்னு இருந்துச்சு. தொட்டிதான் மேடம், சந்தேகமே இல்லை" என்றார் முதலாளி.

அப்போது நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஓவனுக்கு மட்டும் தனி லைன், போர்டில் அதன் சுவிட்சு கிடையாது. அதன் பக்கத்திலேயே இருக்கும் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். அதில் சந்தனம் குங்குமம் வைத்தது அக்காதான். பூஜை போட்டதைத் தொடக் கூடாது என்று எல்லோரையும் தள்ளி நிற்க வைத்ததும் அவள்தான்.

"சார்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் பக்கத்துப் பட்டறைக்குக் கேட்காத அளவில் வந்தது. "ஓவன நான் அணைக்கல. இருநூறுலியே உட்டுட்டுப் போயிட்டன். ஞாயித்துக்கிழம மழையில கரன்ட்டு போச்சாமே, அதுலதான் அது அணைஞ்சிருக்கும், கரன்ட்டு வந்தாலும் பொத்தான அமுக்காம திரும்ப ஓடாது. தப்பு என் மேலதான். மூர்த்திமேல ஒண்ணுமில்ல."

முதலாளி சிரித்துவிட்டார். "காலையில அவன் மேல பழி போட்டதே நீதான். இப்ப அவன் அழுததைப் பாத்து மனசு இளகிப்போச்சாக்கும். போம்மா, போய் வேலையப் பாரு."

அக்காவுக்கு வந்ததே கோபம்! அவள் திட்டி நான் பார்த்திருக்கிறேன், சத்தம் போட்டுப் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. "நான் பொய் சொன்னா நம்பறீங்கோ, நெசம் சொன்னா நம்ப மாட்டீங்களா? தப்பு செஞ்சவ தப்புன்னு சொன்னா அதுக்குங்கூட சாட்சி கொண்டாரணுமா?"

"கொண்டுவரலாமே" என்றார் பிரியதர்ஷினி. அவர் பையில் போன மாதம் இதே தொட்டியில் முலாம் போட்டு, அவர்களே நல்லதென்று பாஸ் செய்த துண்டுகள் சில இருந்தன. பாதியை வெளியே வைத்துக்கொண்டு பாதியை ஓவனில் போடச் சொன்னார். அதே இருநூறு டிகிரி, வியாழக்கிழமை வரைக்கும். நல்ல துண்டுகளே கறுத்துப்போனால் காரணம் சூடு, தொட்டிமேல் குற்றமில்லை. கறுக்காவிட்டால் மூர்த்திதான் பதில் சொல்ல வேண்டும்.

"கறுத்துட்டா நீதான் பதில் சொல்லணும், தெரியுமில்ல?" என்று முதலாளி அக்காவைக் கேட்டார்.

"தெரியும் சார்."

"வேலை போயிடும்."

"போவட்டும்."

அதன் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அத்தனை வருடம் தங்கம் மின்ன வேண்டும், ஒரு புள்ளிகூட விழக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது அது கறுக்க வேண்டும் என்று தவம் கிடந்தாள். அரை மணிக்கொரு தரம் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓவன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொள்வாள். "இன்னும் பளபளங்குது பாரு, மானங்கெட்டது!" என்று தங்கத்தைத் திட்டுவாள். நான் பேக்கிங் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தால், "அந்த ஓரத்துல லேசா செவப்பு தெரியுதில்ல மோகனா? தெரியுதுன்னு சொல்லேன்" என்பாள். எனக்குப் பொய் சொல்ல வராது. தெரியவில்லை என்றே சொன்னேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

"எந்த சாமிகிட்டப் போயி கறுக்கணும்னு கேக்கறது? எல்லா சாமியும் வெளக்கு ஏத்தறதுக்குத்தான் இருக்குது" என்று புலம்பினாள்.

நான் விளையாட்டாக, "சனீஸ்வரனக் கேளுங்கக்கா. அவருக்குத்தான் கறுப்பு பிடிக்கும்" என்றேன்.

சாயங்காலம் ஓசூர் மலைக்கோயிலுக்கு ஏறிப்போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு போட்டுவிட்டு வந்துவிட்டாள். சனீஸ்வரனே குழம்பியிருப்பார். அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் போய்விடு என்று கும்பிடுவார்கள். இவள் ஒருத்திதான் வா என்று கும்பிட்டிருக்கிறாள்.

மூர்த்தி வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பட்டறைக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாமதமாக வருகிற மனிதர், வேலை இல்லாத நாட்களில் எங்களுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா தப்பை ஒப்புக்கொண்ட விஷயம் அவருக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "கறுக்கலைன்னா? ஆசையக் காட்டி ஏமாத்தறதா? வேணாம்."

புதன்கிழமை மதியம் ஒரு தூக்குப்பாத்திரத்தை என் கையில் திணித்தாள். "மூர்த்திகிட்டக் குடு. யாரு குடுத்தாங்கோன்னு சொல்லாத." ராகிக் களியும் கீரைக் குழம்பும். கொண்டுபோய்க் கொடுத்தேன். மூர்த்தி ஒரு உருண்டையைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு ஜாஸ்தி. சரோஜம்மா கைதானே?" என்றார். நான் ரோட்டைப் பார்த்தேன். "பழியும் போட்டு சோறும் போடறாளே" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை பிரியதர்ஷினி வந்ததும் முதலாளி ஓவனைத் திறந்தார். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். நான்தான் முதலில் பார்த்தேன். ஓவனுக்குள் இருந்தவை எல்லாம் காவியும் பழுப்புமாக, திங்கட்கிழமை பார்த்ததுபோலவே இருந்தன. வெளியே வைத்திருந்த பாதி, கல்யாணப் பெண் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"அக்கா, கண்ணைத் திறங்க."

திறந்தாள். பார்த்தாள். "கறுத்துருச்சு!" என்று ஒரு கூச்சல். பிள்ளை பிறந்த வீட்டில்தான் அப்படிச் சத்தம் கேட்டிருக்கிறேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சாப்பாட்டு நேரம் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். தன் வேலை போகப்போகிறது என்ற நினைப்பே அவளிடம் இல்லை. எனக்கு இருந்தது, அதனால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

முதலாளி தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிரியதர்ஷினிதான் பேசினார். "ஒரு விதத்துல இது எங்களுக்கு நல்லதுதான் சார். இங்க மூணு நாள்ல நடந்தது எங்க கருவிக்குள்ள மெதுவா நடந்துட்டே இருக்கும். நிக்கல் இல்லேன்னாலும் காந்தத்துல ஒட்டாத வேற ஏதாவது ஒண்ணை நடுவுல வைக்கணும். ரெண்டு தட்டையும் நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க யாரையும் வெளிய அனுப்ப வேண்டாம்." ஆர்டரும் போகாது, தட்டுக்கான செலவையும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் முதலாளியின் முகம் தெளிந்தது.

"சரோஜம்மா, அடுத்த வருஷம் பூஜைக்கு ஓவன் அணைஞ்சிருக்கணும்" என்றார்.

"அணைஞ்சது செத்த மெசினு சார்."

"சாகட்டும்."

அக்கா முணுமுணுத்தாள், ஆனால் தலையை ஆட்டினாள். ஓவன் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்துவிட்டு அவளைப் பார்வையிடும் வேலையில் மட்டும் விட்டார். அதற்கு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது வேறு கதை.

டீக்கடைக்கு ஆள் அனுப்பி மூர்த்தியைக் கூட்டிவந்தார்கள். முதலாளி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார்: யார் தப்பு, யார் ஒப்புக்கொண்டது, யார் வேலையை வைத்துப் பந்தயம் கட்டியது. மூர்த்தி கேட்டுக்கொண்டே தட்டைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, இது கறுக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"இருந்திருந்தா என்னா, ஓவனத் திரும்ப மூடிட்டுக் கறுக்கற வரைக்கும் இங்கியே உக்காந்திருப்பன்" என்றாள் அக்கா.

மூர்த்தியண்ணன் கையைக் கழுவிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார், மூடியைத் திறந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.